நாற்காலியில் உட்கார்ந்து முடித்த கதை



நம்மூரில் ரீமேக் என்றால் அதற்கு ஒரு கணக்கு உண்டு. பக்கத்து மொழியில் நன்றாக ஓடிய படத்தின் உரிமையை வாங்குவார்கள். ஓடியது என்பதுதான் அந்தப் படத்தின் தகுதி. வீடியோ கேம் உலகமும் ஏறக்குறைய இதே கணக்கில்தான் போகிறது. ‘ரெசிடென்ட் ஈவில் 2’ 1998இல் சக்கைப்போடு போட்டது, 2019இல் புதிதாக எடுத்தார்கள். ‘ஃபைனல் ஃபேன்டஸி 7’ 1997இல் உலகத்தையே கலக்கியது. 2020இல் அதன் ரீமேக்கில் முதல் பாகம், 2024இல் இரண்டாம் பாகம் என்று ஒரே கதையைப் பிரித்துப் பிரித்துத் தருகிறார்கள். ‘டெட் ஸ்பேஸ்’ 2008இல் வந்தது, 2023இல் மறுபடியும் வந்தது. இவையெல்லாம் நன்றாகவே வந்திருக்கின்றன, குறை சொல்லவில்லை. ஆனால் ஏற்கெனவே நன்றாக இருந்ததைத் திரும்ப எடுக்க இவ்வளவு பணமும் உழைப்பும் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. பாதி பிரமாதமாக அமைந்து, மீதிப் பாதி முடிக்கப்படாமலே கடைக்கு வந்துவிட்ட ஆட்டங்கள் உண்டு. ரீமேக் என்ற ஒன்று உண்மையாகவே தேவைப்படுவது அவற்றுக்குத்தான்.

அப்படி ஒன்றைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். பெயர் ‘ஸெனோகியர்ஸ்’. ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் 1998 பிப்ரவரியில் முதல் பிளேஸ்டேஷனுக்காக வெளியிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவுக்குப் போனது. ஐரோப்பாவுக்கு வரவே இல்லை. இயக்குநர் தெத்சுயா தகாஹாஷி. கதையை அவரோடு சேர்ந்து எழுதியவர் அவருடைய மனைவி கவோரி தனாக்கா. இசை யசுனோரி மித்சுதா. இந்த ஆட்டத்தை ஆடியவர்களில் ஒரு பகுதியினர் இதைப்போல் ஒரு அறிவியல் புனைகதை வீடியோ கேமில் வந்ததே இல்லை என்பார்கள். இன்னொரு பகுதியினர் இதன் பெயரைச் சொன்னாலே தலையில் அடித்துக்கொள்வார்கள். இரண்டு தரப்பும் ஒரே ஆட்டத்தைத்தான் சொல்கிறார்கள். இரண்டு தரப்பும் சொல்வது சரி என்பதுதான் இதில் வேடிக்கை.

இது பிறந்த கதையே சுவையானது. ‘ஃபைனல் ஃபேன்டஸி 6’, ‘க்ரோனோ டிரிக்கர்’ ஆகியவற்றில் ஓவியக் கலைஞராக வேலை பார்த்த தகாஹாஷியும் கவோரி தனாக்காவும், அடுத்து வரப்போகும் ‘ஃபைனல் ஃபேன்டஸி 7’க்கு என்று ஒரு கதையை எழுதிக்கொண்டு போனார்கள். படித்தவர்கள், இது ஃபைனல் ஃபேன்டஸிக்குத் தாங்காது, ரொம்ப இருட்டாகவும் சிக்கலாகவும் இருக்கிறது என்றார்கள். ஆனால் குப்பையில் போடவில்லை, தனி ஆட்டமாக எடுங்கள் என்று விட்டார்கள். ‘ஃபைனல் ஃபேன்டஸி 7’ ஆடியவர்கள் ஞாபகப்படுத்திப் பாருங்கள். கதாநாயகன் கிளவுட் நினைவு தப்பிச் சக்கர நாற்காலியில் கிடந்து பிதற்றும் ஒரு கட்டம் வரும். அந்தப் பிதற்றலில் ஸெனோகியர்ஸ் என்ற பெயர் வரும். வெளிவராத தம்பிக்கு அண்ணன் செய்துவைத்த விளம்பரம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்வது முடியாத காரியம். இருந்தாலும் சட்டகத்தை மட்டும் சொல்கிறேன். பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் எல்ட்ரிட்ஜ் என்ற மாபெரும் விண்கலம் ஒரு கிரகத்தில் விழுந்து நொறுங்குகிறது. அதில் டேயஸ் என்ற ஆயுதம் இருந்தது. தானே யோசிக்கும் ஆயுதம். உடைந்த அந்த ஆயுதம் தன்னைச் சரிசெய்துகொள்ள உதிரிப் பாகங்கள் வேண்டும். அந்தப் பாகங்களாக ஆவதற்கென்றே அந்தக் கிரகத்தில் மனித இனம் உண்டாக்கப்படுகிறது. மனிதர்கள் கும்பிடும் கடவுள் என்பது அவர்களை அறுவடை செய்யக் காத்திருக்கும் இயந்திரம். இதற்கு எதிராக ஓர் ஆணும் ஒரு பெண்ணும் யுகத்துக்கு யுகம் திரும்பத் திரும்பப் பிறக்கிறார்கள். ஆபெல், கிம், லக்கான், கடைசியாக ஃபேய் என்று அவனுக்கு நான்கு பிறவிகள். பிறவிதோறும் அவளைச் சந்திக்கிறான், பிறவிதோறும் இழக்கிறான். மறுபிறவி என்றால் அமெரிக்க விமர்சகர்களுக்குப் பக்கம் பக்கமாக விளக்கம் தேவைப்பட்டது. நமக்கு அது தேவையில்லை. முன்வினை என்று ஒரு சொல்லில் முடிந்துவிடும்.

இப்போது ஆட்டத்தின் முதல் இரண்டு மணி நேரத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நான் சொல்லவரும் விஷயம் அதில்தான் இருக்கிறது.

லஹான் என்று ஒரு மலையடிவாரச் சிற்றூர். ஃபேய் அங்கே மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் காயத்தோடு கொண்டுவந்து விடப்பட்ட பையன். பழைய நினைவு எதுவும் இல்லை. படம் வரைவான். மறுநாள் அவனுடைய நண்பன் திமோதிக்கும் ஆலிஸுக்கும் கல்யாணம். ஆடுபவருக்குக் கொடுக்கப்படும் முதல் வேலை என்ன தெரியுமா? மலைமேல் இருக்கும் டாக்டர் சித்தான் வீட்டுக்குப் போய்க் கல்யாணத்துக்கு ஒரு கேமரா இரவல் வாங்கி வருவது. அவ்வளவுதான். வழியில் ஊரைச் சுற்றலாம், கூரை மேல் ஏறிக் குதிக்கலாம், ஆலிஸின் தம்பி டேனோடு பேசலாம். சித்தான் வீட்டில் அவருடைய மனைவி யூயி சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்வாள். அப்பாவிடம் வாயே திறக்காத அவர்களுடைய மகள் மிதோரி ஓர் ஓரமாக நிற்பாள். எந்த அவசரமும் இல்லை. திரும்பி இறங்கும்போது வானத்திலிருந்து கியர்கள் வந்து விழுகின்றன. கியர் என்றால் ஆள் உள்ளே உட்கார்ந்து ஓட்டும் ராட்சத இயந்திர மனிதன். ஊர் எரிகிறது. காலியாக நிற்கும் ஒரு கியரில் ஃபேய் ஏறுகிறான். அடுத்து பொத்தான்களை அழுத்துவது நாம். முக்கோணம் அழுத்தினால் லேசான அடி, சதுரத்துக்கு நடுத்தர அடி, பெருக்கல் குறிக்குப் பலத்த அடி. கியரை இயக்கக் கற்றுக்கொண்டே எதிரிகளை ஒவ்வொருவராக வீழ்த்துகிறோம். கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும். அந்த நேரத்தில் கண் முன்னால் திமோதி சுடப்பட்டு விழுகிறான். ஃபேய்க்கு நினைவு தப்புகிறது. கண் விழிக்கும்போது ஊரே இல்லை. அழித்தது எதிரி இல்லை, ஃபேய் ஓட்டிய கியர். கல்யாணப் பெண்ணும் இல்லை. பிழைத்த குழந்தைகள் அவனைப் பார்த்து ஒதுங்குகிறார்கள். டேன் அவன் முகத்துக்கு நேரே கொலைகாரன் என்கிறான்.

நாவலில் இதைப் படித்தால் ஃபேயைப் பார்த்துப் பரிதாபப்படுவோம். படத்தில் பார்த்தாலும் அப்படித்தான். இங்கே அது முடியவில்லை. அந்தக் கியரில் ஏற்றிவிட்டது நம் கை. கேமரா இரவல் வாங்கப் போனதும் நாம்தான். டேன் திட்டுவது நம்மையும் சேர்த்துத்தான். கதை முழுக்க ஃபேய் சுமக்கும் குற்ற உணர்வில் நமக்கும் ஒரு பங்கு வந்துவிடுகிறது. வீடியோ கேம் என்ற கலைக்கு மட்டுமே உரிய பலம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

இந்தப் பலத்தோடு முதல் சிடி நாற்பது மணி நேரம்போல் ஓடுகிறது. பாலைவன நாடு ஒன்றின் உள்நாட்டுப் போர், கடலில் மிதக்கும் நகரம், மேகத்துக்கு மேல் ஒளிந்திருந்து தரையிலுள்ளவர்களை ஆட்டுமந்தைபோல் ஆளும் சொலாரிஸ் என்ற நாடு. சொலாரிஸில் டப்பாவில் அடைத்த உணவு எதிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும் காட்சியை ஒருமுறை பார்த்தவர்களுக்கு மறக்காது. குறைகள் இல்லாமல் இல்லை. பாபேல் கோபுரத்தில் மேடைக்கு மேடை தாவி ஏறும் இடத்தில், தாவும் நேரம் பார்த்துச் சண்டை வந்து, முடிந்ததும் கீழே விழுந்து, மறுபடி முதலிலிருந்து ஏறி வெறுத்துப்போனவர்கள் ஏராளம். வசனம் எழுத்து எழுத்தாக நகரும், வேகப்படுத்த வழி கிடையாது. ஆனாலும் ஆடுபவர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

அப்புறம் இரண்டாவது சிடியைப் போடுகிறோம்.

இருட்டான திரை. நடுவில் ஒரு மர நாற்காலி. அதில் ஃபேய் உட்கார்ந்திருக்கிறான். பின்னால் ஒரு சிலுவைப் பதக்கம் ஊசல்போல் ஆடிக்கொண்டிருக்கிறது. அவன் சொல்லத் தொடங்குகிறான். நாங்கள் அங்கே போனோம், இப்படி நடந்தது, அவர்களை வென்றோம், பிறகு இங்கே வந்தோம். எழுத்து மெதுவாக நகர்கிறது. நாம் பொத்தானை அழுத்தி அடுத்த பக்கத்துக்குப் போகிறோம். சில நேரம் ஃபேய்க்குப் பதில் அவனுடைய காதலி எல்லி அதே நாற்காலியில். இடையிடையே ஒரு பெரிய சண்டை, அபூர்வமாக ஒரு சுரங்கம். பிறகு மறுபடியும் நாற்காலி. முதல் பந்தியில் வடை பாயசத்தோடு விருந்து பரிமாறிவிட்டு, இரண்டாவது பந்திக்கு உட்கார்ந்தவர்களிடம் சமையற்காரர் வந்து இன்னின்ன சமைத்திருந்தோம், எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

சொல்லி முடிக்கப்படும் விஷயங்கள் சில்லறை விஷயங்களாக இருந்தால் பரவாயில்லை. இந்தப் பாதியில்தான் கதையின் உச்சங்கள் எல்லாம் இருக்கின்றன. உலகெங்கும் ஏராளமான மனிதர்கள் உருக்குலைந்து ஆயுதத்தின் உதிரிப் பாகங்களாக மாறத் தொடங்குகிறார்கள். அது சில பத்திகளில் முடிகிறது. தோழர்களின் கியர்களுக்குப் புதுச் சக்தி தேடிப் போகும் பயணங்களில் ஒன்றிரண்டை ஆட விட்டுவிட்டு, மற்றவற்றுக்கு எல்லாம் வெற்றிகரமாக முடிந்தது என்ற தகவல் மட்டும் தருகிறார்கள். கொல்கொதா என்று ஓர் இடம். ஃபேயின் தோழர்களுடைய கியர்கள் வரிசையாகச் சிலுவையில் அறையப்பட்டிருக்கின்றன. அவர்களைக் காப்பாற்ற எல்லி தன்னையே ஒப்புக்கொடுக்கிறாள். பத்தாயிரம் ஆண்டுக் காதல் கதை மறுபடியும் முறியும் இடம் இது. நாம் என்ன செய்கிறோம்? படிக்கிறோம். அந்தச் சிலுவை வரிசையில் சூசூ என்ற இளஞ்சிவப்புப் பொம்மைப் பிராணியும் தொங்குகிறது. குழந்தைகளுக்காகச் சேர்த்த கோமாளிப் பாத்திரம் அது. அதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன், என்ன செய்வது. முழுக் காட்சியாக எடுத்திருந்தால், நாமே நடந்துபோய்ச் சிலுவைகளை ஒவ்வொன்றாகப் பார்க்க நேர்ந்திருந்தால், அந்தப் பொம்மை நிச்சயம் வயிற்றைக் கலக்கியிருக்கும். ஒற்றைப் படமாகக் காட்டியதால் கேலிச்சித்திரமாகிவிட்டது.

ஏன் இப்படி ஆனது என்பதற்கு நீண்ட நாள் ஒரு கதை உலவியது. ‘ஃபைனல் ஃபேன்டஸி 8’க்காகப் பணத்தையும் ஆட்களையும் பிடுங்கிக்கொண்டார்கள், பாவம் தகாஹாஷி என்று. ரசிகர்களுக்குப் பிடித்த கதை, வில்லன் தெளிவாக இருப்பதால். 2017இல் தகாஹாஷியே ஒரு நேர்காணலில் அதை மறுத்துவிட்டார். அவர் சொன்ன காரணம் சாதாரணமானது, அதனாலேயே நம்பக்கூடியது. குழுவில் பெரும்பாலானவர்கள் புதியவர்கள். முப்பரிமாணம் என்பதே அப்போது எல்லோருக்கும் புதிது. ஸ்கொயரில் ஒரு பெரிய ஆட்டத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு என்பது வழக்கம். அதற்குள் முடியாது என்று தெரிந்ததும், முதல் சிடியோடு நிறுத்திவிடலாம் என்ற யோசனை வந்திருக்கிறது. கதை நடுவில் அறுந்து தொங்கும், ஆடுபவர்கள் ஏமாந்துபோவார்கள் என்று தகாஹாஷி அதை ஏற்கவில்லை. முதல் சிடி இருக்கிறபடி இருக்கட்டும், இரண்டாவதை இப்படிச் சொல்லி முடிக்கிறோம், அப்போது தேதிக்குள் கொடுத்துவிடலாம் என்று அவரே வழி சொன்னார். ஆக, அந்த நாற்காலியைப் போட்டது முதலாளி அல்ல, கதையை எழுதியவர். முடிக்காமல் விடுவதா, சொல்லியாவது முடிப்பதா என்ற நெருக்கடியில் அவர் இரண்டாவதைத் தேர்ந்தார். அவருடைய இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் நெருக்கடி முடிந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

எதிர்த்தரப்பு வாதத்தைக் கேட்போம். அது லேசான வாதம் இல்லை. இரண்டாவது சிடியைக் குறை என்று சொல்பவர்கள் பொத்தான் அழுத்துவதை மட்டுமே ஆட்டம் என்று நினைக்கிறார்கள், நாற்காலி ஒரு துணிச்சலான நாடக உத்தி, வேகமும் தனிமையும் அதனால்தான் வந்தது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். தமிழ்க் காதுக்கு இந்த வாதம் கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கும். வில்லுப்பாட்டில் உட்கார்ந்த இடத்திலிருந்தே படை நடத்திப் போரை முடித்து இறந்தவனுக்கு ஒப்பாரியும் வைத்துவிடுகிறார்கள், யாரும் எழுந்து வாளைச் சுழற்றிக் காட்டவில்லையே என்று கேட்பதில்லை. சொல்லுவதும் கலைதான். நிகழ்த்துவதற்கு அது ஒரு படி கீழே இல்லை.

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வில்லுப்பாட்டு முதல் வரியிலிருந்து கடைசி வரை சொல்லும் கலை. இங்கே நாற்பது மணி நேரம் நம் கையில் இருந்ததைத் திடீரென்று பிடுங்கிக்கொண்டார்கள். லஹானில் நம்மைப் பங்காளியாக்கிய கதை, கொல்கொதாவில் நம்மைப் பார்வையாளராக்கிவிட்டது. இந்த ஆட்டத்தைப் பற்றிய எல்லாச் சண்டையும் இந்த ஒரு புள்ளியிலிருந்துதான் வருகிறது என்பது என் கணிப்பு. பிடித்தவர்கள் கதையைத் தொடர்ந்து போனார்கள், கை காலியானது அவர்களுக்குப் பெரிதாகப் படவில்லை. பிடிக்காதவர்களுக்குக் கை காலியான அந்த நிமிடமே ஆட்டம் முடிந்துவிட்டது. ரீமேக் செய்ய வேண்டும் என்று நான் கேட்பது படம் பளபளப்பாக வேண்டும் என்பதற்காக இல்லை. கதையின் இரண்டாம் பாதியை ஆடுபவரின் கையில் கொடுக்க வேண்டும். அது 1998இலேயே வந்திருக்க வேண்டிய பாதி.

அப்படியானால் எதை வைத்து அந்தப் பாதியை எடுப்பது? புதிதாகக் கற்பனை செய்து ஒட்டினால் அது வேறொருவர் கதையாகிவிடாதா? இந்தக் கவலைக்கு இடமே இல்லை. ஆட்டம் வந்த அதே 1998இல், ‘பெர்ஃபெக்ட் வொர்க்ஸ்’ என்ற பெயரில் ஜப்பானிய மொழியில் ஒரு புத்தகம் வந்தது. ஆட்டத்துக்குள் சொல்ல முடியாமல்போன வரலாறு, காலவரிசை, நிலப்படங்கள், கியர்களின் வடிவங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. கதை மொத்தம் ஆறு அத்தியாயம், நாம் ஆடியது ஐந்தாவது என்பதும் அதில் இருக்கிறது. ஆட்டத்தின் கடைசித் திரையிலும் ஐந்தாம் அத்தியாயம் என்றுதான் வரும், அதைப் பார்த்து விழித்தவர்கள் பலர். சரக்கு முழுவதும் அச்சில் இருக்கிறது. சமைக்கத்தான் ஆள் இல்லை.

இப்படிப் புத்தகத்தில் கிடந்ததை எடுத்து ஆட்டத்தில் சேர்த்த முன்னுதாரணமும் உண்டு, அதுவும் இதே நிறுவனத்தில். ஸ்கொயர் எனிக்ஸ் 2010இல் வெளியிட்ட ‘நியர்’ இதேபோல் ஆட்களை இரண்டாகப் பிரித்த ஆட்டம். தோற்றம் சுமார், சண்டை சுமார், கதையும் இசையும் அபாரம் என்பார்கள். அதன் துணை நூலில் சில சிறுகதைகள் வந்திருந்தன. 2021இல் அந்த ஆட்டத்தைப் புதுப்பித்தபோது, நூலில் மட்டும் இருந்த கப்பல் பகுதி ஒன்றை ஆடக்கூடிய அத்தியாயமாகவே சேர்த்தார்கள். இன்னொரு சிறுகதையிலிருந்து புதிய முடிவு ஒன்றையும் கொண்டுவந்தார்கள். மூலத்தை இயக்கிய யோக்கோ தாரோ கூடவே இருந்தார். ஓடிய ஆட்டத்தை மட்டும்தான் தொடுவோம் என்ற கணக்கு அங்கே ஒருமுறை உடைந்தது. நன்றாகவும் விற்றது.

செலவுதான் அடுத்த கேள்வி. ‘ஃபைனல் ஃபேன்டஸி 7’ ரீமேக் போல் ஒவ்வொரு முகத்துக்கும் வியர்வைத் துளி வரை வரைந்து மூன்று பாகமாக எடுக்கும் பணத்தை யாரும் ஸெனோகியர்ஸுக்குப் போடமாட்டார்கள். 2003க்குள் பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டிய ஆட்டம்தான், ஆனாலும் ஃபைனல் ஃபேன்டஸியின் சந்தை வேறு. என்னைக் கேட்டால் அவ்வளவு பணம் போடவும் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

1997, 98இல் வந்த பெரிய ஆட்டங்கள் பலவற்றில் பின்னணி முன்கூட்டியே வரைந்து வைத்த அசையாத ஓவியமாக இருக்கும், அதன்மேல் நடமாடும் ஆள் முப்பரிமாணப் பொம்மை. ஸெனோகியர்ஸ் அதைத் தலைகீழாகச் செய்தது. ஊரும் மலையும் கப்பலும் முப்பரிமாணம், பார்வைக் கோணத்தைத் தோள்பொத்தானால் சுற்றிச் சுற்றிப் பார்க்கலாம். அதற்குள் நடப்பவர்கள் புள்ளி புள்ளியாக வரைந்த தட்டை ஓவியங்கள். அன்றைக்கு இது பழசும் புதுசும் ஒட்டுப்போட்டதுபோல் தெரிந்தது. ஸ்கொயர் எனிக்ஸ் 2018இல் ‘ஆக்டோபாத் டிராவலர்’ ஆட்டத்தில் கொண்டுவந்து எச்டி-2டி என்று பெயர் வைத்த பாணியைப் பாருங்கள். முப்பரிமாண உலகம், உள்ளே புள்ளி ஓவிய மனிதர்கள், மேலே சினிமா வெளிச்சம். அப்படியே ஸெனோகியர்ஸின் பேரப்பிள்ளை. 1994இல் ஜப்பானில் மட்டும் வந்த ‘லைவ் எ லைவ்’ 2022இல் இந்தப் பாணியில் மறுபிறவி எடுத்தது. 1988இன் ‘டிராகன் குவெஸ்ட் 3’ 2024இல் எடுத்தது. மூலத்தின் உடலமைப்பே இதுவாக இருந்த ஸெனோகியர்ஸ் இன்னும் வரிசையில் நிற்கிறது. சுற்றும் பார்வைக் கோணம் மட்டும் கட்டாயம் வேண்டும். அதை எடுத்துவிட்டால் லஹானின் கூரைகள் வெறும் படமாகிவிடும்.

எதைச் சரிசெய்யக் கூடாது என்பதும் முக்கியம். ஆட்டத்தைக் கிண்டல் செய்பவர்கள் பெரும்பாலும் அதன் பாண்டித்திய வாசனையைத்தான் கிண்டல் செய்கிறார்கள். ஃபேய்க்குள் இருக்கும் அழிவு வெறிக்கு இட் என்று பெயர், ஃபிராய்டிடமிருந்து. முற்பிறவிக்கு லக்கான் என்று பெயர், பிரெஞ்சு உளப்பகுப்பாய்வாளரிடமிருந்து. கூடவே யுங், பழைய ஞானவாதக் கிறித்துவம், கபாலா. நடுநடுவே வில்லன்கள் நின்று நிதானமாகத் தத்துவம் பேசுவார்கள். பாதி உதார்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த உதாரை வெட்டி எடுத்தால் உண்மையான பாதியும் சேர்ந்து போய்விடும். நிசான் தேவாலயத்தில் ஒற்றைச் சிறகுள்ள இரண்டு தேவதைகளின் சிற்பம் இருக்கும். ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டால்தான் பறக்க முடியும். மனிதனைக் குறையில்லாமல் படைக்கக் கடவுளால் முடிந்திருக்கும், அப்படிச் செய்திருந்தால் யாருக்கும் யாரும் வேண்டியிருக்காது என்பது அந்தத் தேவாலயத்தின் போதனை. இதை எழுதிய அதே கைகள்தான் சூசூவையும் சிலுவையில் ஏற்றின. தத்துவத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டும் பழக்கமுள்ள ஆட்கள் கையில் இது போகக் கூடாது. பாபேல் கோபுரத்துத் தாவலையும் நகராத வசனத்தையும் தாராளமாகத் திருத்தலாம்.

நாற்காலியையும் மொத்தமாகத் தூக்கி எறிய வேண்டாம். ஃபேயின் மனதுக்குள் பிளவுபட்டுக் கிடக்கும் ஆளுமைகள், அழிக்க மட்டுமே தெரிந்தவன், பயந்து ஒளிந்திருக்கும் சிறுவன், அன்றாடத்தைச் சமாளிக்கும் இளைஞன், ஒருவரோடொருவர் பேசும் நீண்ட பகுதி ஒன்று இரண்டாவது சிடியில் வருகிறது. அங்கே கை கட்டப்பட்டிருப்பதே பொருத்தம். தன் பிள்ளைப் பருவத்தில் நடந்ததை அவனால் மாற்ற முடியாது, நம்மாலும் முடியாது. அந்த இடத்தில் நாற்காலி இருக்கட்டும். மற்ற இடங்களில் எல்லாம் எழுந்து நடக்கட்டும்.

கடைசியாக ஆட்கள் விஷயம். இதுதான் உண்மையான முட்டுக்கட்டை. தகாஹாஷி 1999இல் ஸ்கொயரை விட்டு வெளியேறி மோனோலித் சாஃப்ட் தொடங்கினார், நாம்கோ பணம் போட்டது. 2002, 2004, 2006இல் ‘ஸெனோசாகா’ மூன்று பாகம் வந்தது. ஆறு பாகம் என்று தொடங்கி மூன்றோடு நின்றது, இந்த மனிதருக்கு ஆறு என்ற எண்ணே ராசியில்லை போலிருக்கிறது. 2007இல் நின்டெண்டோ அந்த நிறுவனத்தை வாங்கியது. 2010இலிருந்து ‘ஸெனோபிளேட்’ வரிசை. அதில் முழுக் கதையையும் நம் கையில் கொடுத்து முடிக்கும் நேரமும் பணமும் அவருக்குக் கிடைத்தன. ஆக ஸெனோகியர்ஸ் ஸ்கொயர் எனிக்ஸிடம், ஸெனோசாகா பண்டாய் நாம்கோவிடம், ஸெனோபிளேட்டும் தகாஹாஷியும் நின்டெண்டோவிடம். மித்சுதா சுதந்திரக் கலைஞர், ஸெனோபிளேட்டுக்கும் இசையமைக்கிறார். 2018 ஏப்ரலில் ஸெனோகியர்ஸின் இருபதாம் ஆண்டுக்கு ஜப்பானில் பெரிய இசைக் கச்சேரி நடத்தினார்கள். கச்சேரிக்கு ஆள் சேர்க்க முடிந்தவர்களுக்கு ஆட்டத்துக்குச் சேர்க்க மனமில்லை.

நிறுவனங்கள் சேராது என்று சொல்ல முடியாது. பண்டாய் நாம்கோவின் ஸெனோசாகாவில் வந்த கோஸ்மோஸ் என்ற பாத்திரம் நின்டெண்டோவின் ‘ஸெனோபிளேட் 2’இல் வந்து போயிருக்கிறாள். ஸ்கொயர் 1996இல் நின்டெண்டோவுக்குச் செய்துகொடுத்த ‘சூப்பர் மாரியோ ஆர்பிஜி’ 2023இல் ரீமேக் ஆனது, அன்று இசையமைத்த யோக்கோ ஷிமோமுராவே திரும்ப வந்தார். ‘லைவ் எ லைவ்’ மூலத்தை இயக்கிய தகாஷி தொகிதாதான் புதிய பதிப்பின் தயாரிப்பாளர். நன்றாக வந்த ரீமேக்குகளில் பழைய ஆட்கள் யாராவது ஒருவர் அந்த அறையில் இருந்திருக்கிறார்கள்.

அதனால் என் கோரிக்கைக்கு ஒரு நிபந்தனை உண்டு. தகாஹாஷி வர வேண்டும், கவோரி தனாக்காவும் வந்தால் இன்னும் நல்லது. 2028 பிப்ரவரியில் ஆட்டத்துக்கு முப்பது வயது. அதற்குள் ஸ்கொயர் எனிக்ஸும் நின்டெண்டோவும் உட்கார்ந்து பேசினால் இரண்டாவது சிடி ஒருவழியாக முடிக்கப்படும். அவர் வர மாட்டார் என்றால், அல்லது விடமாட்டார்கள் என்றால், தயவுசெய்து அந்தப் பாதியைத் தொடாதீர்கள். வேறு யாரோ முடித்த பாதியைவிட அவர் சொல்லி முடித்த பாதி மேல். அப்போது செய்ய வேண்டிய வேலை மிகச் சிறியது. பழைய ஆட்டத்தை, வசனத்தை வேகப்படுத்தும் ஒரு பொத்தானை மட்டும் சேர்த்து, இன்றைய கருவிகளில் விற்றால் போதும். பிளேஸ்டேஷன் 3 காலத்துக் கருவிகளைத் தாண்டி அது அதிகாரபூர்வமாக வரவில்லை, கணினிக்கு வரவே இல்லை. இதற்கு நின்டெண்டோவிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை, உரிமை ஸ்கொயர் எனிக்ஸ் கையில்தான் இருக்கிறது.

நேரம் ஆகிவிட்டது. கேள்விகளுக்கு வருவோம். கதையின் பெரும்பகுதியைச் சொல்லிவிட்டேன் என்று கோபத்தில் இருப்பவர்கள் முதலில் கேட்கலாம்.